கல்வட்டத்துக்குள் ஒரு புதுக்குழி

போன வாரம் உங்கள் தொல்லியல் பயிற்சி வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "மேடம், ஒரு கல்வட்டத்தைப் பார்த்ததும் அது நிஜமானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டாள். நீளமான பதிலை எதிர்பார்த்துப் பேனாவைத் திறந்து வைத்திருந்தாள். "நிலத்துக்காரரைக் கேட்டுவிடு" என்றேன். பேனாவை மூடிவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. பாடப் புத்தகத்தில் நிலத்துக்காரர் வரமாட்டார். களத்தில் அவர் வராமல் இருக்கமாட்டார். அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்லிவிடுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், சித்தூரிலிருந்து திருப்பதி வரை உள்ள மேட்டு நிலங்களில் இருக்கும் கல்வட்டங்களை எல்லாம் ஒரு வருடத்துக்குள் நேரில் போய்ப் பார்த்து வரச் சொல்லி உத்தரவு வந்தது. மலைச்சரிவுகளில் கிரானைட் குவாரிகள் பெருகிக்கொண்டிருந்தன. அவை வந்து சேர்வதற்குள் எதைக் காப்பாற்றலாம் என்று நாம் தீர்மானித்துவிட வேண்டும் என்பது திட்டம். ஏன் என்னை அனுப்பினார்கள் என்றால், முழங்கால் வலிக்கிறது, மேடு ஏற முடியவில்லை என்று அந்த மாதம்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். நம் அலுவலகத்தில் யாருக்கு எது முடியாதோ, அது அவர்களைத் தேடி வரும்.

முதல் மாதம் எங்கள் மேலதிகாரியும் கூட வந்தார். என்னைவிட வயதில் சிறியவர், நல்ல படிப்பு, இஸ்திரி கலையாத சட்டை. கங்காதர நெல்லூர்ப் பக்கம் ஒரு கொல்லையில் அருமையான வட்டம் ஒன்று தென்பட்டது. கற்கள் எல்லாம் ஒரே உயரம், ஒன்றுகூடச் சாயவில்லை. அதிகாரி நடுவில் போய் நின்று, செல்போனை டிரைவரிடம் கொடுத்து, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நம் முன்னோர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சந்தேகம்தான். மூவாயிரம் வருடம் நின்ற கல் இவ்வளவு ஒழுங்காக நிற்காது. ஆனால் அவர் பேசிய வேகத்தில் குறுக்கே போக எனக்குத் தைரியம் வரவில்லை. வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி முடித்த பிறகு நிலத்துக்காரர் வந்தார்.

"இன்னா சார், ஆலை கட்ன எடத்துல நின்னுக்கினு கீறீங்க?"

"எந்த ஆலை?"

"கரும்பு ஆட்ற ஆலை சார். மாடு சுத்தி வர்றதுக்கு எங்க நைனா கல்லு நட்டாரு. அந்தாண்ட கொப்பரை வெச்சி பெல்லம் காச்சுவோம்."

"எப்போது நட்டார்?"

"நான் டென்த் பெயிலான வருசம் சார்."

அந்த வீடியோவை அதிகாரி அழிக்கவில்லை. அதற்குள் பாராட்டுகள் குவிந்துவிட்டன. நன்றி சொல்லவே நேரம் போதவில்லை. அதற்குப் பிறகு அவர் களத்துக்கு வரவில்லை, போனில் மட்டும் வந்தார். எப்போது கூப்பிட்டாலும் ஏதாவது ஒரு ஊருக்குப் போகும் வழியில் இருப்பார். போய்ச் சேர்ந்ததாக ஒருநாளும் சொன்னதில்லை.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். சித்தூருக்கு மேற்கே ஒரு மேட்டு நிலம். ஊர்ப் பெயர் வேண்டாம், நான் இன்னும் அங்கே போய்வந்துகொண்டிருக்கிறேன். கீழே மாந்தோப்பு, மேலே பாறையும் சீத்தாச் செடியும். மேலே ஏறினால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை கல்வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும், மண்ணுக்குள், பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு மூடுகல் போட்ட சவ அறை இருக்கும். செத்தவர்களை அப்படி வைத்த மனிதர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. அங்கே ஆடு மேய்ப்பவர்கள் பாண்டவுல குள்ளு, பாண்டவர்களின் கோயில்கள், என்று தெலுங்கில் சொல்கிறார்கள். நாம் பெருங்கற்காலம் என்கிறோம். தெரியாததற்கு ஆளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். எதிர்ச் சரிவில் குவாரி. தினமும் மத்தியானம் வெடி வைப்பார்கள், தூசி இந்தப் பக்கம் வந்து படியும்.

அந்த வட்டங்களுக்கு நடுவே சிலுவைகள் இருந்தன. மேட்டுக்குக் கீழே உள்ள ஊரில், கீழூர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், சில தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள், பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர்கள். ஊர்ச் சுடுகாட்டில் அவர்களுடைய தாத்தாக்களுக்கு இடம் தரவில்லை. பேய் உலாவும் இந்த மேட்டைக் காட்டிவிட்டார்கள். இவர்களுக்குப் பேய்ப் பயம் கிடையாது என்று ஊரார் நினைத்திருக்கலாம். பயந்தால் பயந்துகொள்ளட்டும் என்றும் நினைத்திருக்கலாம். எப்படியோ, மூவாயிரம் வருடத்துக்கு முன்னால் புதைகுழியாக இருந்த இடம் மறுபடி புதைகுழி ஆயிற்று. பழையவர்கள் ஆட்சேபிக்கவில்லை.

ஆட்சேபிக்க நாங்கள் போனோம். எல்லைக்குக் குச்சி நட்டு, நீல நைலான் கயிறு கட்டி, "இக்கட தவ்வராது" என்று பலகை வைத்தோம். இங்கே தோண்டக் கூடாது என்று அர்த்தம். கயிறு கட்டிக்கொண்டிருந்தபோதுதான் எஸ்தர் வந்தாள். முப்பது வயது இருக்கும். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, வரதய்யபாளையத்தில் அறை எடுத்துத் தங்கல், வாரக் கடைசியில் ஊர். அன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து நேரே மேட்டுக்கு வந்திருந்தாள்.

"மேடம், ஒங்க கயிறு எங்க நைனா மேல போவுது."

பார்த்தேன். அவளுடைய அப்பாவின் கல்லறைக்கு மேலேதான் கயிறு போயிருந்தது. மன்னிப்புக் கேட்டுக் கயிற்றைத் தள்ளிக் கட்டினேன். கல்லறை எல்லைக்கு உள்ளே வந்துவிட்டது. அவருக்கு மரியாதை செய்துவிட்டதாக எனக்கு எண்ணம்.

"பக்கத்துல எங்கம்மாக்கு எடம் உட்டு வெச்சிக்கீறோம். ஒடம்பு சரியில்ல, டயாலிசிஸ் போய்க்கினு கீறாங்க. ஒண்ணும் தொந்தரவு வராதே?"

"பார்க்கலாம்மா" என்றேன். அரசாங்கத்தில் பார்க்கலாம் என்றால் முடியாது. எஸ்தர் வீட்டில் பார்க்கலாம் என்றால் பார்த்துச் செய்கிறோம். அவள் நிம்மதியாகக் கீழே இறங்கிப் போனாள்.

சிக்கல் என்ன என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். அந்தக் காலி இடம், மேட்டிலேயே பெரிய வட்டத்துக்கு உள்ளே இருந்தது. எல்லைக்குள் வைத்தால் அவள் அம்மாவைப் புதைக்க முடியாது. எல்லைக்கு வெளியே விட்டால் குவாரி வந்துவிடும், அப்போது அப்பாவும் மிஞ்சமாட்டார். குவாரிக்காரர்கள் ஏற்கெனவே சபையாரிடம் வந்து, சமதளத்தில் காம்பவுண்டு சுவரோடு இடம் தருகிறோம், எலும்புகளையும் நாங்களே எடுத்து வந்து தருகிறோம் என்று இனிக்க இனிக்கப் பேசிவிட்டுப் போயிருந்தார்கள்.

இடத்தைப் பார்த்து முடிவு சொல்ல வெளியூரிலிருந்து ஒரு ஆய்வுக் குழு வருவதாக ஏற்பாடாயிற்று. தலைவர் ஒரு மூத்த பேராசிரியை. அவர்கள் வரவேண்டிய நாள் காலையில் எஸ்தர் போன் செய்தாள்.

"மேடம், அம்மா விடியக்கால தவறிட்டாங்க. குழி வெட்ட ஆளு மேல போறாங்க. ஒங்க கயித்த கொஞ்சம் அவுக்கணும்."

கயிறு அவிழ்ப்பது மட்டும்தான் விஷயம் என்று அவள் நினைத்திருந்தாள். நான் அதிகாரிக்குப் போன் போட்டேன். வழியில் இருந்தார். இந்தத் தடவை நிஜமாகவே குழுவைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

"சார், அங்கே ஒரு அடக்கம் செய்ய அனுமதிக்கலாமா?"

"இன்னிக்கா? ஒரு நாள் ஃப்ரீசர் பாக்ஸ்ல வெக்கச் சொல்லுங்க மேடம்."

"நாளைக்கு அனுமதி தருவோமா சார்?"

"அத நாளைக்குப் பாக்கலாம்."

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வாய்த்த முதல் அதிகாரி, முக்கால்வாசி நேரம் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர், ஒரு விஷயத்தை மட்டும் வாயைக் காலி செய்துவிட்டுச் சொன்னார். மேலிடத்தில் ஒன்றைக் கேள்வியாகக் கேட்டால் வேண்டாம் என்றுதான் பதில் வரும், ஏனென்றால் வேண்டாம் என்று சொன்னதற்காக யாரையும் விசாரித்ததில்லை. செய்தே ஆக வேண்டியது என்றால் தகவலாகச் சொல்லிவிடு, பழி உன் தலையில் இருக்கட்டும், வேலை நடக்கும் என்றார். அத்தனை வருட சர்வீஸுக்குப் பிறகும் அன்று காலை நான் கேள்வியாகக் கேட்டுத் தொலைத்திருந்தேன். ஃப்ரீசர் பெட்டிக்குள் அந்த அம்மாளை வைத்து, நாளைக்குப் பார்க்கலாம், நாளன்றைக்குப் பார்க்கலாம் என்று நான் எஸ்தரிடம் சொல்லிக்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன்.

மறுபடி போன் போட்டேன். "சார், ஒரு தகவல். அடக்கம் இன்றைக்கே நடக்கிறது. குழி வெட்டும்போது நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறேன்."

"ஹலோ? ஹலோ? வினபடட்லேது மேடம்" என்றார். கேட்கவில்லையாம். காருக்குள் யாரோ தண்ணீர் பாட்டில் திறக்கும் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

மேட்டுக்குப் போய்க் கயிற்றை நானே அவிழ்த்தேன். குழி வெட்ட வந்தவர்கள் எஸ்தரின் மாமன் மகன்கள் இரண்டு பேர். வழக்கமாக வெட்டுகிற மாதிரி வெட்டக் கூடாது, நான் சொல்கிற மாதிரி மண்ணை மெல்லிசாகச் சீவிச் சீவி எடுக்க வேண்டும் என்றேன். "மேடம், குழி வெட்றமா, தோசை சுடறமா?" என்று பெரியவன் கேட்டான். ஆனாலும் அப்படியே செய்தான். இடுப்பளவு இறங்கியதும் மண்வெட்டி கல்லில் பட்டுக் கணீரென்றது.

முழங்காலை மறந்து குழிக்குள் இறங்கினேன். கையால் மண்ணை விலக்கினேன். ஒரு பெரிய மூடுகல்லின் விளிம்பு. அதை ஒட்டி, மேல் கறுப்பும் கீழ் சிவப்புமாக ஒரு பானையின் வாய், சில்லுகூடப் பெயராமல் முழுசாக இருந்தது. பிள்ளைகளே, அந்த வருடம் முழுக்க நான் பார்த்ததெல்லாம் புதையல் எடுக்க வந்தவர்கள் தோண்டிப் போட்டுவிட்டுப் போன காலி அறைகள். யார் கையும் படாத ஒன்று இப்போதுதான் கிடைத்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குழு வந்து இறங்கும்போது நான் மூடுகல்லின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். ஓய்வு பெறும் வயதில் யாருக்கு அந்த ஆசை வராது? எனக்கு வந்தது. நன்றாகவே வந்தது.

கீழே மாந்தோப்பிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறிக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் முன்னாலேயே வந்து குழி ஓரத்தில் நின்றாள். அழுது வீங்கிய முகம். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னா மேடம், உள்ள யாரனா கீறாங்களா?"

"ஆமாம்மா. முன்னாடியே வந்தவங்க."

"எத்தினி வருசம் ஆவுது?"

"மூவாயிரம் பக்கம் இருக்கும்."

அவள் குனிந்து அந்தக் கல்லைப் பார்த்தாள். "அவுங்கள எழுப்பாதீங்க மேடம். எங்கம்மா ஒல்லியாத்தான் கீறாங்க. கொஞ்சூண்டு எடம் போதும்."

இந்த மாதிரி நேரத்துக்கு எந்த விதிமுறையும் உங்களுக்கு உதவாது. விதிமுறை எழுதியவர் குழிக்குள் நின்று எழுதவில்லை. எனக்கு முன்னால் இருந்தது ஒரே கணக்கு: எந்தப் பக்கம் இடம் இருக்கிறது? மூடுகல் இருக்கும் பக்கம் போக முடியாது. மறுபக்கம் எஸ்தரின் அப்பா. அவர் பக்கமாகத்தான் குழியை நகர்த்த வேண்டும். பானையின் மேல் மணலைப் போட்டு மூடச் சொன்னேன். எதிர்ப் பக்கத்தை வெட்டச் சொன்னேன். மாமன் மகன்கள் தயங்கினார்கள். அவ்வளவு ஒட்டி வெட்டினால் பழைய பெட்டி தெரியும் என்றார்கள். தெரியத்தான் செய்தது. மக்கிய பலகையின் ஓரம். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் மண்கூட மிஞ்சவில்லை.

தப்பு செய்துவிட்டோமோ என்று எஸ்தரைப் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உசுரோட இருந்தப்ப ரெண்டு பேரும் பேசிக்கினதே கெடயாது மேடம். நைனாக்கு சோறு வேணும்னா என்னாண்டதான் சொல்வாரு. அம்மா என்னாண்டதான் குடுத்து அனுப்பும். நடுவுல நானு. இப்ப இவ்ளோ கிட்டக்கப் போட்டுட்டீங்களே" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன். களப்பணியில் அழக் கூடாது என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அளவெடுத்து முடித்துவிட்டு அழலாம்.

பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது கார்கள் வந்தன. அதிகாரி இறங்கினார். அவிழ்ந்து கிடந்த கயிறு, கூட்டம், போதகர், குழி எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பேராசிரியை செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பாட்டு முடியும் வரை தலை குனிந்து நின்றார். வேறு வழியில்லாமல் அதிகாரியும் ஷூவைக் கழற்றினார். முள்ளில் நின்றார். பாட்டு முடிந்ததும் பேராசிரியை அவரிடம், "இங்கே இன்னும் அடக்கம் செய்கிறார்களா?" என்று கேட்டார்.

அதிகாரி கண் இமைக்காமல் சொன்னார். "உயிருள்ள மரபு மேடம். இதை நாங்கள் ஆரம்பத்திலிருந்தே கவனமாகப் பாதுகாத்து வருகிறோம்."

நான் வானத்தைப் பார்த்தேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பொய்தான் மேட்டைக் காப்பாற்றியது. சும்மா கிடக்கும் கற்கள் என்றால் குழு யோசித்திருக்கும். மூவாயிரம் வருடமாகச் செத்தவர்களைச் சுமக்கும் மேடு என்றதும் பேராசிரியை நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். முழு மேடும் பாதுகாப்புக்குள் வந்தது, சிலுவைகளும் சேர்த்து. குவாரி எதிர்ச் சரிவோடு நின்றது. மூடுகல்லைப் பற்றியும் பானையைப் பற்றியும் நான் இடம் குறித்து முறையாகத் தெரிவித்தேன். மேலிடத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது, ஏன் தோண்டவில்லை என்று. உள்ளே ஆள் இருந்தது என்று பதில் அனுப்பினேன். மேற்கொண்டு கேட்கவில்லை.

நல்லபடியாக முடிந்தது என்று நினைக்கிறீர்களா? உத்தரவு வந்தது. உயிருள்ள மரபு தொடரலாம். ஆனால் ஒவ்வொரு அடக்கத்துக்கும், அடக்கம் செய்யப்படுபவரின் பெயரையும் உத்தேசத் தேதியையும் குறிப்பிட்டு, ஒரு மாதம் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். யார் எழுதினார்கள் என்று தெரியவில்லை. யாருமே சாகாத ஏதோ ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். நீங்களும் ஒருநாள் நிபந்தனைகள் எழுதுவீர்கள். எழுதியதும் அந்தக் காகிதத்தோடு உங்கள் மேஜைக்கு முன்னால் ஒரு ஆள் வந்து நிற்பதாக நினைத்துப் பாருங்கள்.

என் மேஜைக்கு முன்னால் நிஜமாகவே வந்து நின்றார்கள். திருப்பதி அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை, வாசலில் வேன் வந்து நின்றது. கீழூர்ச் சபை மொத்தமும் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, தலைக்கு எண்ணெய், பவுடர். முன்னால் எஸ்தர்.

"அடக்கத்துக்கு பர்மிஷன் வேணும் மேடம்."

எனக்குப் பகீரென்றது. "யாரும்மா தவறிட்டாங்க?"

"யாரும் இல்ல. எனக்குத்தான் வேணும். இவுங்க எல்லாருக்கும் வேணும். ஒரு மாசம் முன்னாடியே சொல்லணும்னு போட்டிருந்துது. நாங்க ஒழுங்கா முன்னாடியே வந்துட்டோம்."

குமாஸ்தா உத்தேசத் தேதி கேட்டார். "அது கர்த்தர் கைல கீது சார், அவராண்ட கேட்டு எழுதிக்கோங்க" என்றாள். வரிசையில் ஒரு பெரியவர், தனக்குக் காற்று வருகிற கிழக்குப் பக்கம்தான் வேண்டும், முடியாவிட்டால் விண்ணப்பமே வேண்டாம் என்றார். அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்து, எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், பக்கத்தில் பக்கத்தில் மட்டும் போடாதீர்கள் என்றார்கள். எல்லாம் முடிந்தவுடன் அப்படியே மலையடிவாரத்தில் பிரியாணி தின்றுவிட்டுப் போவதாகத் திட்டம் என்று வேன் டிரைவர் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

யாரிடமும் கேட்காமல் எல்லாருக்கும் கையெழுத்துப் போட ஆரம்பித்தேன். சர்வீஸில் எத்தனையோ அனுமதிகள் கொடுத்திருக்கிறேன். வாங்கியவர்கள் இவ்வளவு சந்தோஷமாகத் திரும்பிப் போய் நான் பார்த்ததில்லை. எஸ்தர் மட்டும் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போகாமல் நின்றாள்.

"நைனாக்கு அந்தாண்டப் பக்கம் எனக்கு. நீங்கதான் அளந்து காட்டணும்" என்றாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "ஒங்களுக்கு எங்க மேடம் எடம்?" என்று கேட்டாள்.

"எங்கள்ல எரிச்சிடுவாங்கம்மா. எடமே வேணாம்" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அய்யய்யோ," என்றாள், "அப்போ யாரு பக்கத்துல மேடம் படுப்பீங்க?"

முத்திரைக் கட்டை கையில் இருந்தது. வரிசையில் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். அடுத்தவரை வரச் சொன்னேன்.